சொரசொரத் தோல் ஆப்பிள்



கடைக்குப் போனால் எந்த ஆப்பிளை எடுக்கிறோம்? சிவப்பாக, பளபளவென்று இருப்பதைத்தான். சப்போட்டா மாதிரி பழுப்புத் தோலோடு சொரசொரவென்று ஒன்று இருந்தால், 'இது சொத்தைப் பழம்' என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால், தோலே அப்படி அமைந்த நல்ல ரகங்கள் உண்டு. 'ரஸட்' ஆப்பிள் என்று பெயர்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டி ராக்ஸ்பரி என்று ஓர் ஊர். 1868-இல் அது பாஸ்டனோடு சேர்ந்துவிட்டது. அங்கே 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது 'ராக்ஸ்பரி ரஸட்'. அந்த நாட்டிலேயே பிறந்த ஆப்பிள் ரகங்களில் மிகப் பழையது இதுதான் என்பார்கள்.

தோல் ஏன் அப்படி? பிஞ்சு பருக்கும்போது மேல்தோல் நுணுக்கமாக வெடிக்கிறது. அதை மூடத் தக்கை போன்ற திசு வளருகிறது. இது நோயல்ல, ரகத்தின் பிறவிக் குணம். வழவழப்பான ரகத்தில் திடீரென்று இப்படி வந்தால்தான் யோசிக்க வேண்டும். பிஞ்சில் உறைபனி பட்டிருக்கலாம்; ஈரம் நின்றிருக்கலாம்; போர்டோ கலவை போன்ற தாமிர மருந்து சுட்டிருக்கலாம்.

ராக்ஸ்பரியின் சதை கெட்டி. இனிப்பும் புளிப்பும் கலந்த ருசி. அப்படியே கடித்துத் தின்னலாம். மாவுக்குள் வைத்து 'பை' என்ற பண்டமாகச் சுடலாம். அக்டோபரில் பறித்து நிலவறையில் வைத்தால், பனிக்காலம் முழுக்க வீட்டுக்குப் பழம். ஆனால் தக்கைத் தோல் வழியே ஈரம் சீக்கிரம் வெளியேறிப் பழம் சுருங்கும். ஆகவே வைக்கிற இடத்தில் குளிர்ச்சி மட்டும் போதாது. காற்றில் 90 சதம் ஈரப்பதமும் வேண்டும்.

பிறகு குளிர்பதனக் கிடங்குகள் வந்தன. சந்தையும் சிவப்புப் பழத்தையே கேட்டது. ரஸட் பின்னுக்குப் போயிற்று. ஆனாலும் அழியவில்லை. ஏன்? ஆப்பிள் விதையைப் போட்டால் தாயின் குணம் அப்படியே வராது. ஒட்டுக் கட்டினால்தான் வரும். 300 ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் குச்சி வெட்டி ஒட்டுக் கட்டியிருக்கிறார். ஒரே ஒரு தலைமுறை சும்மா இருந்திருந்தால் ரகமே போயிருக்கும்.

சமவெளி விவசாயிகள் இதற்குக் கன்று தேட வேண்டாம். குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இம்மாதிரி மரம் ஒழுங்காகப் பூக்கும். கொடைக்கானல், நீலகிரி விவசாயிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் தோட்டத்திலும் பெயர் தெரியாத பழைய ஆப்பிளோ பேரியோ நிற்கலாம். 'பழம் பார்வையாக இல்லை' என்று கோடாரியைத் தூக்காதீர்கள். முதலில் ருசி பாருங்கள். எத்தனை நாள் தாங்குகிறது என்று பாருங்கள். நல்லதாக இருந்தால், மரம் இலை உதிர்த்து ஓய்ந்திருக்கும்போது பென்சில் கனத்தில் ஒரு வருடக் குச்சிகளை வெட்டி, ஈரப்பாசியில் சுற்றிக் குளிர்ச்சியாக வையுங்கள். துளிர்க்கும் பருவத்தில் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுங்கள். ஒட்டு பிடித்து வளர்ந்த பிறகு தாய் மரத்தை என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

மரத்தை வெட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் போன ரகத்தை எந்த நாற்றங்காலிலும் வாங்க முடியாது.