பிஸ்கட்டா? சத்துமாவா?



மேற்கு வங்காளத்தில் ஹவுரா என்ற நகரம் இருக்கிறது. ஹூக்ளி ஆற்றின் ஒரு கரையில் ஹவுரா. மறு கரையில் கொல்கத்தா. 1943-இல் திறந்த பெரிய இரும்புப் பாலம் இரண்டையும் இணைக்கிறது. ஹவுரா உழைப்பாளிகளின் ஊர். சணல் ஆலைகளும் இரும்புப் பட்டறைகளும் அங்கே உண்டு.

அங்கேயும் விடிந்தால் அவசரம்தான். பெற்றோர் வேலைக்குப் போக வேண்டும். குழந்தை பசியில் அழுகிறது. என்ன கொடுப்பது? தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தால் அழுகை நிற்கும். நம் ஊரிலும் இப்படித்தானே நடக்கிறது?

பிஸ்கட்டில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மைதா, சர்க்கரை, எண்ணெய். குழந்தையின் வயிறு சிறியது. அது பிஸ்கட்டால் நிறைந்துவிட்டால் சோறும் பருப்பும் இறங்காது. தேநீரோ, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடலில் முழுமையாகச் சேரவிடாது. இதனால் இரத்தசோகை வரலாம்.

அவசரத்துக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. பீகாரிலிருந்து ஹவுராவுக்கு வந்த தொழிலாளர்கள் வறுத்த கடலையை மாவாக்கி உண்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'சத்து'! தண்ணீரில் கரைத்தால் போதும். அடுப்பே வேண்டாம். நம் வீட்டுப் பொட்டுக்கடலையும் அதே போன்றதுதான். அரிசி, கேழ்வரகு, பொட்டுக்கடலை மூன்றையும் வறுத்து அரைத்து வையுங்கள். காலையில் கஞ்சி காய்ச்சப் பத்து நிமிடம் போதும். சிறு குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும். மாவாகவே கொடுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூட வேண்டாம். பிறகு கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, கீரை, முட்டை, பழம் கொடுங்கள். இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரட்டும். அந்த வயது வரை உணவில் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் கூறியுள்ளது.

கடையில் பாக்கெட் வாங்கினால் திருப்பிப் பாருங்கள். எது அதிக எடையோ அதன் பெயர்தான் முதலில் இருக்கும். எழுத்து வேறு மொழியில் இருந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். எண்ணை நீங்களே படிக்கலாம். 100 கிராமில் சர்க்கரை 25 கிராம் என்றிருந்தால் என்ன பொருள்? நான்கு பிஸ்கட் தின்றால் ஒரு பிஸ்கட் எடைக்குச் சர்க்கரை!

படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். அந்தப் படிப்பு உங்கள் குழந்தையின் தட்டுக்கும் உதவட்டும்.