நான் வீடு வாங்கலை மாமா, பள்ளிக்கூடம் வாங்கினேன்!

(‘அமெரிக்கப் புறநகரில் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியைத் தருவது பெற்றோரின் அக்கறையா, ஊரின் ஏற்பாடா?’ டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில், அங்குள்ள தமிழர்கள் முன்னிலையில் நடந்த பட்டிமன்றத்தில் ‘ஊரின் ஏற்பாடே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “பெத்தவங்களுக்கு அக்கறை இருந்தாப் போதும், பிள்ளை மரத்தடியில உட்கார்ந்துகூடப் படிச்சிரும்” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். இங்கே வீடு வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது மரத்தையா, பள்ளிக்கூடத்தையா? (சிரிப்பு)

என் அக்கா மகன் இந்த ஊருக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறான். வந்து இறங்கியதும் வீட்டைச் சுற்றிக் காட்டினான். “என்ன மாப்பிள்ளே, அடுப்படி இம்புட்டுச் சின்னதா இருக்கு, இதுக்கா இத்தனை கடன்?” என்றேன். அவன் சொன்னான்: “நான் வீடு வாங்கலை மாமா, பள்ளிக்கூடம் வாங்கினேன். வீடு அதோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு!” (கைதட்டல்) நம்ம ஊரில் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்போம். இங்கே வீட்டுக்கு ஒரே பொருத்தம்தான். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பொருத்தம்!

டிஸ்ட்ரிக்ட் என்றதும் கலெக்டர் இருக்கிற மாவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை பிரித்த தனி வட்டாரம் அது. டெக்சாஸில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதை நடத்தும் அறங்காவலர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளுக்கோ படிப்பு இலவசம். பணம் எங்கிருந்து வருது? மாநில அரசு ஒரு பங்கு தருது. வீடு, கடை, நிலம் வைத்திருப்பவர் அதன் மதிப்புக்குத் தக்கபடி வரி கட்டுகிறார். பிள்ளை இல்லாதவரும் கட்டுகிறார். நம் பிள்ளை ஏறுகிற மஞ்சள் பஸ்ஸில், பக்கத்து வீட்டுக்காரர் பணமும் சேர்ந்துதான் ஓடுகிறது. இது பெற்றோர் அக்கறையா? ஊரின் ஏற்பாடு ஐயா!

சரி, அந்த ஏற்பாடு கோணலாகிப் போனால், வெறும் அக்கறை காப்பாற்றுமா? அதற்குச் சாட்சி தேடி நான் எங்கும் போக வேண்டாம். இந்த ஊரிலேயே இருக்கிறது.

மேற்கே எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி வட்டாரம். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிகள். வடக்கே அலமோ ஹைட்ஸ், வசதியானவர்கள் வாழும் புறநகர். காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், கட்டடம் சரியில்லை, தகுதியான ஆசிரியர் இல்லை என்று வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். பெற்றோர் கூடினார்கள். அவர்களில் ஒருவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ். விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த தொழிலாளி. கோர்ட்டுக்குப் போனார்கள்.

அங்கே வந்த கணக்கைக் கேளுங்கள். 1967-68 கல்வி ஆண்டு. நூறு டாலர் சொத்து மதிப்புக்கு எட்ஜ்வுட் மக்கள் கட்டிய வரி 1 டாலர் 5 சென்ட். இந்த நகரப் பகுதியிலேயே அதுதான் அதிகம். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட். சகோதரி அவர்களே, யாருக்கு அக்கறை அதிகம்? ஏழைக்குத்தானே! ஆனால் அந்த வரியால், மாநிலத்துக்குச் சேர வேண்டிய பங்கு போக, ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது எவ்வளவு? எட்ஜ்வுட்டில் 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். (அரங்கில் சலசலப்பு) அரசு உதவியெல்லாம் சேர்த்தும் அங்கே 356, இங்கே 594. அதிகமா வரி கட்டினவன் பிள்ளைக்குக் குறைவா வந்துச்சு. ஏன்? அவன் குடிசையின் மதிப்பு அவ்வளவுதான்!

1971-இல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள். 1973 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். ஒரே ஒரு ஓட்டு! கல்வி, நாட்டின் அரசியல் சட்டம் வெளிப்படையாகத் தந்த உரிமை அல்ல என்றது தீர்ப்பு. எட்ஜ்வுட் விடவில்லை. இந்த முறை மாநிலத்தின் அரசியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனது. 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், இந்த ஏற்பாடு செல்லாது என்றார்கள். 1993-இல் சட்டம் வந்தது. சொத்து மிகுந்த வட்டாரத்தின் வரியில் ஒரு பகுதி மற்றப் பிள்ளைகளுக்கும் போக வேண்டும்.

அதற்கு இங்கே ‘ராபின் ஹுட்’ திட்டம் என்று பேர். ராபின் ஹுட் கதை எல்லாருக்கும் பிடிக்கும், நம்ம சட்டைப் பையில் கை வைக்கிற வரைக்கும்! (சிரிப்பு) என் மாப்பிள்ளையும் முணுமுணுத்தான். “நான் கட்டுற வரி யார் பிள்ளைக்கோ போகுது மாமா.”

நான் சொன்னேன்: “மாப்பிள்ளே, எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அக்கறை மலையளவு இருந்துச்சு. ஆனா நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவருக்குப் பிள்ளையே கிடையாது. யார் பிள்ளைக்கோன்னு அவர் நினைச்சிருந்தா, உன் மாமன் இன்னிக்கு டாக்டர் பட்டம் வாங்கியிருக்க மாட்டான், மாடு மேய்ச்சிருப்பான்.” (பலத்த கைதட்டல்) அதற்கப்புறம் அவன் பேசலை.

நடுவர் அவர்களே, அக்கறை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ரோட்ரிகஸிடம் இருந்தது அக்கறைதானே! ஆனால் 1993-இல் அந்தச் சட்டம் வந்தபோது, 1968-இல் பள்ளிக்குப் போன அவர் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். தன் பிள்ளைக்கு வந்து சேராத நியாயத்துக்காக வழக்காடிய அவர், 2013-இல் மறைந்தார். அவருடைய அக்கறை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்பாடாக மாறியது. அதுதான் மிச்சம்.

இங்கே ஓட்டுரிமை உள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த அறங்காவலர் தேர்தலில் போய் ஓட்டுப் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம், நம் தெருப் பிள்ளையை மட்டுமல்ல, மேற்கே இருக்கிற பிள்ளையைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். நல்ல பள்ளியைத் தருவது ஊரின் ஏற்பாடே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.