கடலம்மாள் கோபமா? கம்பெனிக்காரர் பேராசையா?

(கடலோரக் கிராமமொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



மீன்பாடு குறைந்து போனதற்குக் கடலம்மாள் கோபமே காரணமென்றும், கொடையைச் சரிவர நடத்தாததே காரணமென்றும் சிலர் சொல்லுவதை இங்கு வந்தவுடன் கேட்டோம். கோபம் என்றால் குற்றம் செய்தவன் மேல்தானே வரவேண்டும்? மீன் குறைந்தால் பட்டினி கிடப்பவர்கள் கட்டுமரக்காரரும், கூடை சுமந்து விற்கும் பெண்களுமே ஆவார்கள். கடலை வாரிக்கொண்டு போனவனோ சுகமாய் இருக்கிறான். ஆள் தெரியாமல் அடிக்கும் இந்தக் கோபத்திற்குத் தெய்வமென்று பெயர் வைக்கலாமா?

ஆகவே உண்மைக் காரணத்தைத் தேடுவோம். சாளை, நெத்திலி போன்ற பொடிமீன்களை நாம் அற்பமாய் நினைக்கின்றோம். ஆனால் அவைதான் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசியையும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களையும் தின்று மாமிசமாக்குகின்றன. பெரிய மீனும் கடற்பறவையும் அந்தப் பாசியை நேரே தின்று பிழைக்க முடியாது. பொடிமீனைத் தின்றே பிழைக்கின்றன. நடுவில் நிற்கும் இந்தப் பொடிமீனை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இதற்குச் சாஸ்திரம் புரட்ட வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள நமீபியாவைப் பார்த்தால் போதும்.

அக்கரையோரம் பெங்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அடிக்கடலின் உரச்சத்து மேலே வருவதால் அங்கே சாளை மலைமலையாய்க் கிடந்தது. அக்காலத்தில் அந்நாடு தென்னாப்பிரிக்க வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. வால்விஸ் விரிகுடாவில் ஆலைகள் வைத்துச் சாளையை டப்பாவில் அடைத்தார்கள். மாவாகவும் எண்ணெயாகவும் அரைத்தார்கள். மாவு எதற்கு? கோழிக்கும் பன்றிக்கும் தீனி போட! ஆலையில் பாடுபட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளான கறுப்பு மக்கள்; லாபமடைந்தவர்கள் வெள்ளை முதலாளிகள். 1968-ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 14 லட்சம் டன் பிடித்தார்கள். 1980-ஆம் வருஷ வாக்கில் அதில் நூற்றில் இரண்டொரு பங்குதான் கிடைத்தது.

மீன் போனதோடு கதை முடிந்ததா? இல்லை. சாளை தின்ற பாசியைத் தின்ன ஆளில்லை. அது செத்து அடியில் படிந்து அழுகுகிறது. அழுகிய முட்டை நாற்றமெடுக்கும் விஷவாயு அங்கே சேற்றிலிருந்து கிளம்பி மீன்களைக் கொல்வதுண்டு. அது முன்பும் இருந்ததுதான். ஆனால் சாளை ஒழிந்ததும் அக்கேட்டை வளர்க்கிறது என்று 2004-இல் பக்குன், வீக்ஸ் என்ற ஆராய்ச்சிக்காரர்கள் காரணங்காட்டி எழுதினார்கள். சாளையிருந்த இடத்தில் சொறிமீன் பெருகிற்று. 2006-இல் வெளியான கணக்குப்படி அங்கே சொறி சுமார் 122 லட்சம் டன். மீன் 36 லட்சம் டன்தான்! சாளையை நம்பியிருந்த பெங்குவின் பறவைகளும் அருகிப் போயின. 2018-இல் அந்நாட்டார் சாளை பிடிப்பதை மூன்று வருஷங்களுக்கு நிறுத்தினார்கள். பழைய கடல் இன்னும் திரும்பவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே நீரோட்டம் தெற்கே தென்னாப்பிரிக்காவின் கரையிலும் ஓடுகிறது. அங்கும் 1960-களில் சாளை சரிந்தது. ஆனால் அங்கே பொடிமீன்களை அளவு கட்டிப் பிடித்தார்கள். அக்கடலைச் சொறி பிடித்துக்கொள்ளவில்லை. நீரோட்டம் ஒன்று, மீனும் ஒன்று. பலன் மட்டும் வேறு. ஒரு பக்கம் தெய்வம் கோபித்து மறு பக்கம் சிரித்ததா? மனிதன் போட்ட சட்டத்தின் வித்தியாசமே தவிர வேறென்ன?

நம் தமிழ்நாட்டில் சுருக்குமடி வலை 2000-இல் தடை செய்யப்பட்டது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. வலை வைத்திருப்பவனும் மீனவன், வலையில்லாதவனும் மீனவன் என்பதால் ஊருக்கு ஊர் சண்டை நடக்கிறது. நாம் ஒருவரையும் விரோதிக்கச் சொல்லவில்லை. கணக்குக் கேளுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். எவ்வளவு மீன் பிடிபட்டது? குஞ்சு எவ்வளவு? மனிதன் வாய்க்குப் போனது எவ்வளவு? மாவு மில்லுக்குப் போனது எவ்வளவு? இதைச் சர்க்காரிடம் கேளுங்கள், ஏலக்காரரிடம் கேளுங்கள், உங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் கேளுங்கள்.

கடலம்மாள் கோபம் என்று சொல்லும்வரை கொள்ளையடித்தவனுக்குப் பயமில்லை. ஏனெனில் பழி அம்மாள் மேல் போய்விடுகிறது. பரிகாரச் செலவோ உங்கள் தலைமேல் விழுகிறது. அவனும் கொடைக்கு நன்கொடை கொடுத்து நல்லபேர் வாங்கிக்கொள்கிறான்!

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். வீட்டுக்குப் போய் நிதானமாய் யோசித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.