படத்தின் பின்புறம்

வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய திருமணப் படத்தைக் கழற்றிப் பின்புறம் நோக்கினால், மங்கிய ரப்பர் முத்திரை ஒன்று பல வேளைகளில் தென்படும். ஸ்டுடியோவின் பெயர், தெருவின் பெயர், அவ்வளவே. மணமக்களை நாம் அறிவோம்; அவர்களை ஒளியில் நிறுத்தி, அக்கணத்தை நமக்கென்று காத்துத் தந்தவரை அறியோம். ஓவியர் தம் பெயரைப் படத்தின் முகப்பில் எழுதுகிறார். புகைப்படக்காரர் பெயரோ முதுகோடு நின்றுவிடுகிறது. பிறர் எழுதியதை மொழிபெயர்த்துப் பெயரின்றியே பழகிவிட்ட எம் போன்றோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இது சிறு ஸ்டுடியோக்காரர்க்கு மட்டும் நேர்ந்த கதியன்று. குல்வந்த் ராய் என்பார் டில்லியிலிருந்து பணியாற்றிய பத்திரிகைப் புகைப்படக்காரர். காந்தியடிகளையும் நேருவையும் பட்டேலையும் படம் பிடித்தவர். பக்ரா அணை எழுந்ததைப் பதிவு செய்தவர். 1958-இல் தொடங்கி முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சுற்றினார். அங்கிருந்து தபாலில் அனுப்பிய படச்சுருள்கள் வந்து சேரவில்லை. குப்பைமேடுகளிலும் அவற்றைத் தேடி அலைந்தார் என்பர். 1984-இல் அவர் மறைந்தபோது, எஞ்சிய பெட்டிகள் ஆதித்ய ஆர்யா என்ற இளைய புகைப்படக் கலைஞரிடம் சேர்ந்தன. இருபதாண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்து, பின்னரே அவை திறக்கப்பட்டன. 2010-இல் நூலாயின. ஒரு தனி மனிதர் பெட்டிகளை எறியாது வைத்திருந்ததனால் ஒரு வாழ்நாள் உழைப்பு பிழைத்தது!

ஹோமாய் வியாரவல்லாவின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. பத்திரிகைப் புகைப்படத் துறையில் இந்தியாவின் முதல் பெண்மணியாகிய அவர், 1970-இல் காமிராவைக் கீழே வைத்தார். தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர் படங்களுக்கெனப் பெருங் கண்காட்சி நடந்தது 2010-இல். அப்போது அவருக்கு வயது 96.

தலைநகரில் வாழ்ந்தோர் நிலை இதுவென்றால், சிற்றூர்களில் இருந்தோர் நிலை என்ன? மத்தியப் பிரதேசத்தில் நாக்தா என்னும் ஆலை நகரில் சுஹாக் ஸ்டுடியோ நடத்திய சுரேஷ் பஞ்சாபியின் படங்களைச் சென்னை தாரா பதிப்பகம் 2013-இல் நூலாக வெளியிட்டது. காமிராவின் முன் நின்று தாம் விரும்பிய தோற்றம் பூண்ட எளிய மக்களின் முகங்கள் அதில் உள்ளன. இத்தகைய ஸ்டுடியோக்கள் நாடெங்கும் எத்தனையோ! அவற்றுள் நூலேறியவை மிகச் சில.

காலம் காத்திராது. வெப்பமும் ஈரமும் பிலிமை அரிக்கின்றன, பூசணம் படர்கிறது. பழைய பிலிமில் புளித்த வாடை வீசினால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கடை மூடும் நாளில் நெகடிவ்கள் பழைய சாமான்களோடு வெளியேறுகின்றன.

சட்டத்தையும் சிறிது நோக்குவோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுப்பித்த படத்தின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லையேல், எடுப்பித்தவரையே சாரும். ஆயினும், இப்படம் என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரை விட்டு நீங்குவதில்லை. காசு கொடுத்து நாம் படத்தை வாங்கலாம். அவர் பெயரை அழிக்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

ஆகவே, நாம் செய்யக்கூடியது யாது? ஊரின் பழைய ஸ்டுடியோக்காரரைக் கண்டு, அவர் நினைவோடு இருக்கும்போதே, படங்களில் உள்ளோர் யார், எடுத்த ஆண்டு எது என்று கேட்டு எழுதி வைக்கலாம். நெகடிவ்களைப் பிரதி எடுத்தபின் அவரிடமே திருப்பித் தருவது முறை; பாதுகாப்பு என்ற பெயரால் அவர் உடைமையைப் பறித்தல் ஆகாது. நூலகங்களும் பள்ளிகளும் தம் கூடங்களில் அப்படங்களை அவர் பெயரோடு வைக்கலாம். அதற்கு உரிய ஊதியமும் தரலாம். புகழுரை மட்டும் அடுப்பை எரிக்காதன்றோ?

இவை யாவும் இயலாவிடினும், இன்றே ஒன்று இயலும். சுவரிலுள்ள படத்தைக் கழற்றி, முத்திரை மறையுமுன் அப்பெயரைப் படித்து, பென்சிலால் மெல்லத் தாளில் குறித்து வைப்போம்.