கல்லீரலில் கட்டி என்றால் கலங்க வேண்டாம்



வயிற்று எரிச்சல் என்று ஸ்கேன் எடுக்கப் போகிறோம். ரிப்போர்ட்டில், ‘கல்லீரலில் ஹீமாஞ்சியோமா, 2 செ.மீ.’ என்று ஒரு வரி இருக்கிறது. கட்டி என்றதும் புற்றுநோய்தான் என்று வீடே கலங்கிப்போகிறது. அந்தக் கலக்கம் பெரும்பாலும் தேவையில்லாதது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிப் பிணைந்து, கடற்பஞ்சு போல இரத்தம் ஊறி நிற்கும் கட்டிதான் ஹீமாஞ்சியோமா. கல்லீரலில் வரும் சாதுவான கட்டிகளில் இதுவே மிகச் சாதாரணம். 30 முதல் 50 வயதுக்குட்பட்ட பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இது புற்றுநோயாக மாறுவதில்லை.

5 செ.மீ.க்குக் குறைவான கட்டிகள் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. பெரிதானால் வலது விலாவுக்குக் கீழே பாரமோ மந்தமான வலியோ இருக்கலாம், குமட்டலாம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடலாம். ஆனாலும், பழியைக் கட்டியின் மேல் போடுவதற்கு முன், பித்தப்பைக் கல்லோ குடல்புண்ணோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இது விளிம்பு தெளிவான வெள்ளைத் திட்டாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் மருந்து செலுத்தி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மருந்து கட்டியின் ஓரங்களில் திட்டுத் திட்டாகத் தோன்றி, மெல்ல மெல்ல நடுப்பகுதிக்குப் பரவும். நோயை உறுதிசெய்ய அந்த அடையாளமே பெரும்பாலும் போதும். ஊசி குத்தித் திசு எடுத்தால் இரத்தம் கசியலாம் என்பதால் அதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். கல்லீரல் சுருக்கமோ, ஹெபடைட்டிஸ் பி தொற்றோ, முன்பு புற்றுநோயோ இருந்தவர்கள் மட்டும் கூடுதல் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சிறிய கட்டிக்கு மாத்திரையும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம். கட்டியைக் கரைக்கிறேன் என்று விற்கப்படும் சூரணங்களை நம்பி, நல்ல கல்லீரலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தொந்தரவு தரும் பெரிய கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை உண்டு; சிலருக்கு, கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியை அடைப்பார்கள். கர்ப்பம் தரிக்க இது பொதுவாகத் தடையில்லை. கட்டி பெரிதாக இருந்தாலோ, ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கட்டி வெடிப்பது மிக மிக அரிது. ஆனால், திடீரென்று கடுமையான வயிற்றுவலியோடு தலைசுற்றலும் மயக்கமும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதை ஒப்பிட்டுச் சொல்ல அது உதவும்.