சர்வதேச வேலை முகாமுக்கு யாரை அனுப்புவது?

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் கிராணி ஒருவர் நிகழ்த்திய உரை)



நம் கிளைக்கு வந்திருக்கும் அழைப்பைச் செயலாளர் சற்று முன் படித்துக் காட்டினார். பல தேசத்து வாலிபர்கள் இரண்டு வாரம் ஓரிடத்தில் கூடித் தங்குவார்கள். காலையில் பாழ்பட்டுக் கிடக்கும் ஆற்றங்கரையைச் சீர்ப்படுத்துவார்கள். குப்பையை வாருவது, சரிந்த கரையைக் கட்டுவது, மரக்கன்று நடுவது ஆகியவை வேலை. மாலையில் அந்த வேலையையும் அந்த ஊர் மக்களையும் பற்றிச் சிறு படம் எடுக்கக் கற்றுக்கொள்வார்கள். சாப்பாடும் படுக்கையும் உண்டு. சம்பளம் கிடையாது. பயணச் செலவு அவரவருடையது. நம் கிளையிலிருந்து இருவர் வரலாம் என்கிறது கடிதம்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "விடியுமுன் எழுந்து மரம் சீவுகிறோமே, அது போதாதா? கூலியில்லாமல் உழைக்க வெளியூர் வேறு போக வேண்டுமா?" என்று ஒரு தோழர் கேட்டார். பலரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல. கூலிக்காகப் போராடி வளர்ந்த இயக்கம் நம்முடையது. அந்த இயக்கத்தின் பிள்ளைகள் கூலியில்லாமல் மண்வெட்டி பிடிக்கலாமா என்று கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமை. அதற்குப் பதில் சொல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது.

முன்வரிசையில் ஒரு தாயார் மெல்லச் சொன்னது இன்னும் கனமானது. "முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் வயிறு கலங்கும், சயாமுக்குப் போன தாத்தா திரும்பவேயில்லை" என்றார். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தூரம் ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் கொண்டு போகப்பட்டார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. அதுவும் 'வேலை முகாம்' தான். ஆகவே இந்த அழைப்பு எந்த வகை முகாமுக்கு என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம்.

இந்த முகாம்களின் பிறப்பும் ஒரு யுத்தத்தின் சாம்பலில்தான். 1916ஆம் ஆண்டு பிரான்சில் வெர்டன் என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் மாதக் கணக்கில் மோதிக்கொண்டார்கள். அந்தப் போரில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் தரைமட்டமாயின. அவற்றில் ஒன்று எஸ்ன். யுத்தம் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு இறுதியில், சுவிஸ் தேசத்துப் பொறியாளர் பியேர் செரெசோல் ஒரு சிறு கூட்டத்துடன் அங்கே போனார். அந்தக் கூட்டத்தில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்று எதிரியாக நின்றவன் நாட்டில் இன்று குண்டுக் குழிகளை மூடினார்கள். வீடிழந்தவர்களுக்குத் தங்குமிடம் கட்டினார்கள். ஆனால் தங்கள் மண்ணில் ஜெர்மானியர் வேலை செய்வதைப் பொறுக்காதவர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய ஐந்து மாதத்தில், 1921ஆம் ஆண்டு, முகாமைக் கலைக்க வேண்டியதாயிற்று.

அத்துடன் முயற்சி நின்றுவிடவில்லை. ரைன் நதி கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் என்ற சின்னஞ்சிறு நாட்டின் வயல்களை மண்ணாலும் கல்லாலும் மூடிவிட்டபோது, 1928இல் பல நாடுகளிலிருந்து 700 பேருக்கு மேல் வந்து அந்த வயல்களை மீட்டார்கள். 1934ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் குலைத்தபோது செரெசோல் இந்தியாவுக்கே வந்து கிராமங்களை மறுபடி எழுப்பும் வேலையில் இறங்கினார். அவர் தொடங்கிய இயக்கம் சர்வதேச சிவில் சேவை என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. 1948இல் யுனெஸ்கோவின் ஆதரவில் இத்தகைய அமைப்புகளுக்கென்று ஓர் ஒருங்கிணைப்புக் குழுவும் ஏற்பட்டது.

சயாம் முகாமுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போது தெரிகிறதல்லவா? இங்கே போகிறவன் தன் சம்மதத்தோடு போகிறான். பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பலாம். வேலை எதற்கு, யாருக்கு என்று கேட்கலாம். நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்று சேர்ந்து உழைப்பது போன்ற காரியம்தான் இது. கூட உழைப்பவர்கள் மட்டும் வேறு தேசத்தவர்கள்.

ஆனாலும் பின்வரிசைத் தோழரின் கேள்வி அப்படியே நிற்கிறது. சம்மதத்தோடு செய்தாலும் கூலியில்லா வேலை இன்னொருவன் கூலியைக் கெடுக்காதா? கெடுக்கக் கூடும். இதற்கு வேல்ஸ் நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தென் வேல்ஸில் பிரின்மாவர் என்று ஓர் ஊர். நிலக்கரி, இரும்புத் தொழில் சுற்றுவட்டாரத்தில் படுத்துவிட, ஆண்களில் பெரும்பாலோர் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். குவேக்கர் சங்கத்தார் அங்கே உதவிக்கு வந்தார்கள். 1931ஆம் ஆண்டு கோடையில் ஒரு சர்வதேச முகாமும் கூடியது. வெளிதேசத்து மாணவர்களும் வேலையற்ற ஊர்க்காரர்களும் சேர்ந்து குப்பைமேடாகக் கிடந்த நிலத்தைத் தோண்டிப் பூங்காவும் நீச்சல்குளமும் அமைத்தார்கள். காரியம் நல்ல காரியம்தான். ஆனால் ஊரில் எல்லோரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. "இது கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை. வேலையில்லாமல் நிற்பவன் கண்முன்னே இலவசமாகச் செய்தால் அவனுக்கு எப்போது வேலை வரும்?" என்று பலர் எதிர்த்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல நம்மால் முடியாது. அவர்கள் இடத்தில் நாம் இருந்தால் நாமும் அதையேதான் கேட்டிருப்போம்.

ஆகவேதான் இந்த முகாம்களை நடத்துகிறவர்களே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தொண்டரின் உழைப்பு கூலித் தொழிலாளியின் உழைப்புக்குப் போட்டியாக வரக் கூடாது என்பதே அது. இந்த விதி காகிதத்தில் இருந்தால் போதாது. அந்த ஆற்றங்கரையில் இதுவரை யார் வேலை செய்தார்கள், குத்தகைக்காரர் யாராவது ஆளை நிறுத்திவிட்டுத் தொண்டர்களைக் கொண்டு வருகிறாரா, அந்த ஊர்த் தொழிலாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நம் சங்கம் எழுதிக் கேட்க வேண்டும். ஒருவனுடைய வேலை பறிபோகும் என்று தெரிந்தால் நம்மவர் போகக் கூடாது. இது நம் முதல் நிபந்தனை.

அடுத்தது படம். "மண் வேலை செய்யப் போகிறவனுக்குக் கேமரா எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, நம்மைப் பொறுத்தவரை மண்வெட்டியைவிடக் கேமராதான் முக்கியம் என்றுகூடச் சொல்வோம்.

வேல்ஸ் சங்கதியிலேயே இதற்கும் சாட்சி இருக்கிறது. 1937ஆம் ஆண்டு 'டுடே வி லிவ்' என்று ஒரு செய்திப்படம் வந்தது. அதை இயக்கிய இருவரில் ஒருவர் ரால்ப் பாண்ட். அவர் திரைப்படத் தொழிலாளர் சங்கத்தில் பாடுபட்டவர். மற்றவர் ரூபி கிரியர்சன் என்ற பெண்மணி. வேலையற்ற சுரங்கத் தொழிலாளர்கள் ரோண்டா பள்ளத்தாக்கில் தங்கள் கையாலேயே ஒரு மன்றம் கட்டியதை அந்தப் படம் காட்டுகிறது. அதே படத்தில், சுரங்கக் கழிவு மேட்டில் மனிதர்கள் குனிந்து கரித்துண்டு பொறுக்கும் காட்சி ஒன்றும் உண்டு. பிற்காலத்தில் பஞ்ச காலத்தைக் காட்ட நினைத்த பலரும் அந்தக் கரி பொறுக்கும் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துத் தங்கள் படங்களில் ஒட்டிக்கொண்டார்கள். அதனால் உலகம் அந்த மக்களைக் கரி பொறுக்கியவர்களாகத்தான் அறிந்தது. மன்றம் கட்டியவர்களாக அறியவில்லை.

நம் கதை இன்னும் மோசம். 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற படத்தால்தான் உலகம் அந்த ரயில் பாதையை அறியும். அந்தப் படத்தை இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில் எடுத்தார்கள். அதில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதை இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களின் கதை அதில் இல்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் தாத்தாமார்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை கிடையாது. படத்திலும் இல்லை, கல்லிலும் இல்லை என்றால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? முன்வரிசைத் தாயார் போன்றவர்களின் நினைவில்தான் இருக்கிறார்கள். அந்த நினைவு எத்தனை காலத்துக்கு நிற்கும்?

ஆகவே படம் எடுக்கும் வித்தை நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும். இன்று கைப்பேசியிலேயே கேமரா இருக்கிறது, கருவிக்குப் பஞ்சமில்லை. யாரிடம் என்ன கேட்பது, கேட்டதை எப்படி ஒழுங்காகக் கோர்ப்பது என்பதுதான் கற்க வேண்டியது. வெளியார் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும் சில சங்கதிகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பத்து மணிக்கு வண்டியில் வந்திறங்கிப் 'பால்மரம் சீவுவதைப் படம் எடுக்க வேண்டும்' என்றால் எப்படி? அதற்குள் மங்கில் பால் நிரம்பி, வாளியில் ஊற்றியாகிவிடும். குளிர்ந்த விடியலில் பால் நன்றாக ஓடும் என்பதற்காகத்தானே இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறோம்? அந்த இருட்டைப் படம் எடுக்கத் தெரிந்தவன் அந்த இருட்டில் நடந்தவன்தான்.

இதில் நம் இரண்டாவது நிபந்தனை வருகிறது. கேமராவை நம்மவர் கையிலும் கொடுக்க வேண்டும்; மண் சுமப்பவராக மட்டும் அவர்களைப் படத்தில் காட்டக் கூடாது. முகம் காட்டப்படுகிறவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். வெட்டி ஒட்டி முடிக்குமுன் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். முடிந்த படத்தின் பிரதி ஒன்று அந்த ஊருக்கும் ஒன்று நம் கிளைக்கும் வர வேண்டும்.

இனி, தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். யாரை அனுப்புவது?

கிராணிமாராகிய நாங்கள் இதை மனம் திறந்து சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கடிதம் முதலில் வருவது ஆபீசுக்கு. விண்ணப்பத்தைப் படித்து நிரப்பத் தெரிந்தவர்கள் நாங்கள். மாதச் சம்பளமும் எங்களுக்குத்தான். ஆகவே சும்மா விட்டால் போகப்போவதும் எங்களில் ஒருவராகவே இருக்கும். அப்படி நடக்கக் கூடாது என்பது எங்கள் முடிவு. போக வேண்டியவர்கள் வெட்டுத் தொழிலாளர்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போகட்டும்.

அவர்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் எண்ண வேண்டாம். சரிவில் மண் அரிக்காமல் மேடை வெட்டுவது, மழைநீரைத் தேக்க மண்குழி தோண்டுவது, வெறுந்தரையில் மூடுபயிர்க் கொடி படரவிடுவது எல்லாம் நம் தோட்டத்து அன்றாட அறிவு. ஆற்றங்கரை கட்டப் போகும் இடத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்களே நம்மவர்கள்தான். பாஷை தெரியாதே என்ற தயக்கமும் வேண்டாம். கூடையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க இலக்கணம் தேவையில்லை. இரண்டு வாரத்தில் நாலு வார்த்தை அவர்கள் கற்பார்கள்; நாலு வார்த்தை நாமும் கற்போம்.

இனிக் கணக்கு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்குச் சம்பளத்தோடு ஆண்டு விடுமுறை 8 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 12 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 16 நாள். முகாம் 14 நாள். அதில் இரண்டு ஓய்வு நாளைக் கழித்தால் 12 வேலை நாள். ஐந்தாண்டு சேவையுள்ளவர் சமாளிக்கலாம். ஆனால் புதிதாகச் சேர்ந்த வாலிபருக்கு நாலு நாள் குறைகிறது. பயண நாள் வேறு. அந்த நாட்களுக்குச் சம்பளமில்லாமல் போனால் அவர் வீட்டில் அரிசிப் பானை என்னாவது? ஆகவே மூன்றாவது நிபந்தனை நமக்கு நாமே விதித்துக்கொள்வது: குறைகிற நாட்களின் கூலியையும் பயணச் செலவையும் கிளை நிதியிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் நாம் ஈடுசெய்ய வேண்டும். விண்ணப்பம் எழுதுவது, நிர்வாகத்திடம் விடுமுறையை ஒரே தவணையாகக் கேட்டு வாங்குவது, விபத்துக் காப்புறுதி உண்டா என்று விசாரிப்பது, பெண்களுக்குத் தனித் தங்குமிடம் உண்டா என்று எழுத்தில் வாங்குவது எல்லாம் கிராணிமார் வேலை. அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

போய் வருகிறவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. திரும்பி வந்ததும், நம் தோட்டத்து முதியவர்களின் வாய்மொழியைப் படமாக எடுக்க வேண்டும். சயாமுக்குப் போன தாத்தாவைப் பற்றிப் பேசிய தாயாரிடமிருந்தே தொடங்கட்டும். அவர் சம்மதித்தால், அவர் சொல்கிறபடி, அவர் போதும் என்கிறவரை எடுக்கட்டும்.

தோழர்களே! கூலிக்குரிய வேலைக்குக் கூலி கேட்போம். அதில் ஒரு காசும் விட்டுக்கொடுக்க மாட்டோம். மனமுவந்து கொடுக்கும் உழைப்பை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் நமக்கு உண்டு. இந்த மூன்று நிபந்தனைகளோடு அழைப்பை ஏற்கலாம் என்று முன்மொழிகிறோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். கேள்வி கேட்ட பின்வரிசைத் தோழரே வழிமொழிந்தால் மகிழ்வோம். மறுத்துப் பேச விரும்பினால் அதையும் கேட்கக் காத்திருக்கிறோம்.