பெயரே விளக்கம்: இலக்கணக் கலைச்சொற்களும் தமிழாசிரியரும்



பத்தாண்டுகளாகக் கவிதையைக் கூடிப் படித்தும் கூடி விவாதித்தும் வந்த அவையில் இலக்கணக் கலைச்சொற்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வறண்ட பொருளாகத் தோன்றலாம். மரபுக்கவிஞர்க்கு அச்சொற்கள் கைப்பழக்கமான கருவிகள். புதுக்கவிஞர் பலர்க்கு அவை கழற்றி எறிந்த விலங்குகள். வகுப்பறையிலோ அவை இரண்டு மதிப்பெண் வினாக்கள். 'இலக்கணக் குறிப்புத் தருக' என்றதும் மாணவன் 'வினைத்தொகை' என்று எழுதுகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். ஏன் அது வினைத்தொகை என்று கேட்டால் விழிக்கிறான். தேர்வு முடிந்த மறுநாள் அச்சொல்லும் அவனை விட்டுப் போய்விடுகிறது. நாளைய வாசகனும் நாளைய கவிஞனும் அந்த வகுப்பறையிலிருந்தே வரவேண்டியிருத்தலின், இஃது ஆசிரியரை மட்டும் சார்ந்த கவலையன்று.

தமிழ் இலக்கணிகள் தம் கலைச்சொற்களைப் பொருளற்ற குறிகளாகப் படைக்கவில்லை. பெரும்பாலான பெயர்கள் தாமே விளக்கமாக அமைந்தவை. 'வாய்' என்பதற்கு இடம் என்றும் பொருளுண்டு. ஆதலின் வாக்கியம் எழும் இடம் எழுவாய். அதன் பயன் நிலைகொள்ளும் இடம் பயனிலை. எஞ்சி நிற்பது எச்சம். 'வந்த' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மனம் 'யார்?' என ஒரு பெயரை எதிர்நோக்குகிறது. ஆகவே அது பெயரெச்சம். 'வந்து' என்று நிறுத்தினால் மனம் ஒரு வினையைத் தேடுகிறது, அது வினையெச்சம். உயிரும் மெய்யும் கூடியது உயிர்மெய். இவற்றைப் பிரித்துக் காட்டும் ஆசிரியர்க்கு வரையறையை மனப்பாடம் செய்விக்க வேண்டிய தேவை மிகவும் குறையும்.

குற்றியலுகரத்தையே எடுத்துக்கொள்ளலாம். மாணவர் அஞ்சும் சொற்களுள் இது முதன்மையானது. குறுமை, இயல், உகரம் எனப் பிரித்தால் குறுகிய இயல்புடைய உகரம் என்பது விளங்கிவிடும். ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறது. அதைக் காதால் அறியவும் வழியுண்டு. 'காசு' என்பதோடு 'இல்லை' சேர்ந்தால் 'காசில்லை' என்றாகிறது, உகரம் மறைந்துவிடுகிறது. 'பசு' என்பதோடு 'இல்லை' சேர்ந்தால் 'பசுவில்லை' என்றே வருகிறது. உகரம் நிலைத்து நிற்க, இடையில் வகர உடம்படுமெய் தோன்றுகிறது. முன்னது குற்றியலுகரம், பின்னது முற்றியலுகரம். நாள்தோறும் தான் பேசுவதில் இவ்விதி இயங்குவதைக் கண்ட மாணவன் அதை மறப்பதில்லை.

எழுத்தைக் காக்கும் அறிவு

கலைச்சொல்லறிவு பிழையின்றி எழுதவும் துணை நிற்கிறது. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் தொக்கு நிற்பது 'ஊறுகாய்'. தொக்கு நிற்றலாவது மறைந்து நிற்றல். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. இதை உணர்ந்தவர் 'ஊறுக்காய்' என எழுதார். 'குடித்தண்ணீர்' எனவும் எழுதார். 'அழியாப் புகழ்' என்பதோ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'அழியாத' என்பதன் ஈறு கெட்டது. பின் வரும் வல்லினம் மிகுந்தது. நீண்டு அச்சுறுத்தும் அப்பெயர், நிகழ்ந்ததை உள்ளபடியே சொல்லும் ஒரு சிறு வாக்கியமேயாகும்.

ஆகுபெயரைக் கற்பிக்க இலக்கியம்வரை செல்லவும் வேண்டா. 'ஊரே திரண்டது' என்கிறார்கள், திரண்டவர் மக்கள். 'மல்லிகை சூடினாள்' என்கிறார்கள். சூடியது கொடியையன்று, பூவை. 'இரண்டு லிட்டர் வாங்கி வா' என்று தாய் சொல்லும்போது முகத்தலளவையின் பெயர் பாலுக்கு ஆகிவருகிறது. எடுத்துக்காட்டு முதலில் வந்து பெயர் பின்னர் வந்தால், அறிந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்த மகிழ்ச்சி மாணவனுக்கு உண்டாகும். பெயர் முதலில் வந்தால் சுமையே மிஞ்சும்.

யாப்பின் சொற்கள்

யாத்தல் என்பது கட்டுதல். யாப்பு, தளை, தொடை ஆகிய மூன்றும் கட்டுவதையும் தொடுப்பதையும் குறிக்கும் சொற்களே. பூத்தொடுப்பவர் கைத்தொழிலை நினைவூட்டும் இச்சொற்கள், செய்யுளைச் செய்பொருளாகக் கண்ட மரபின் சான்றுகள். வாய்பாடுகளின் நுட்பம் இன்னும் வியப்புக்குரியது. 'தேமா' என்ற சொல்லை அசை பிரித்தால் நேர்நேர், 'புளிமா' நிரைநேர், 'கருவிளம்' நிரைநிரை, 'கூவிளம்' நேர்நிரை. பெயரும் அளவுகோலும் ஒன்றேயாகிவிட்டன. ஏடும் எழுத்தாணியும் இல்லாதவிடத்தும் நாவே அளந்து பார்க்கும்படி அமைத்தவர்கள் சிறந்த ஆசிரியர்களாகவும் இருந்திருக்க வேண்டும்.

கலைச்சொற்கள் காலந்தோறும் மாறியும் வந்துள்ளன. தொல்காப்பியம் நேர், நிரை, நேர்பு, நிரைபு என நால்வகை அசை கூறும். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை நேர், நிரை என்னும் இரண்டையே அசையெனக் கொள்ளும். ஆயினும் வெண்பாவின் ஈற்றுச்சீர்க்கு நாள், மலர், காசு, பிறப்பு என நான்கு வாய்பாடுகள் இன்றும் வழங்குகின்றன. கைவிடப்பட்ட நேர்பும் நிரைபும் காசாகவும் பிறப்பாகவும் அங்கே வாழ்கின்றன. இவ்வரலாற்றைச் சொன்னால், ஈற்றுச்சீர்க்கு மட்டும் ஏன் தனி வாய்பாடு என்னும் மாணவன் ஐயம் நீங்கும். இலக்கணம் உறைந்துபோன ஒன்றன்று என்பதும் விளங்கும்.

பெயர்ப்பில் நேரும் மயக்கம்

ஆங்கிலக் கலைச்சொற்களோடு தமிழ்ச் சொற்களைச் சமன்செய்யும் வழக்கம் பயன் தருவதே. ஆயினும் அதில் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தின் 'ரைம்' என்பதற்கு எதுகை என்று கூறிவிடுவதுண்டு. அது பெரும்பாலும் அடியிறுதியில் ஒலிப்பது. தமிழில் அதற்கு நெருக்கமானது இயைபு. எதுகையோ, முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாமெழுத்து ஒன்றிவருவது. தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்தில் இசையை எதிர்பார்த்தது என்னும் அரிய உண்மை, தவறான சமன்பாட்டில் மறைந்துவிடுகிறது.

அஃறிணைப் பொருளை மனிதராகப் பேசுவதெல்லாம் தற்குறிப்பேற்றம் என்பதும் அத்தகைய மயக்கமே. இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வதே அவ்வணி. மதுரை மதிலின்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என மறித்துக் கைகாட்டுவதாக இளங்கோவடிகள் அதனைக் காண்கிறார். அசைவு இயற்கை, தடுத்தல் கவிஞன் குறிப்பு. 'ஏற்றம்' என்ற சொல்லை விட்டுவிட்டால் அணியின் உயிரே போய்விடும்.

பழையதும் புதியதும்

சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்குக் களம் அமைத்தது. அதன்பின் படிமம், குறியீடு, தொன்மம் முதலிய சொற்கள் திறனாய்வில் பெரிதும் புழங்கலாயின. அவை வேண்டிய சொற்களே. குறியீட்டை உள்ளுறை உவமமே என்று சொல்லி முடித்துவிட இயலாது. உள்ளுறை, திணைக்குரிய கருப்பொருளைக்கொண்டு, புலவரும் கேட்போரும் பொதுவில் அறிந்த மரபுக்குள் இயங்குவது. குறியீட்டை இன்றைய கவிஞன் தன் கவிதைக்குள்ளேயே புதிதாகப் படைத்துக்கொள்ளலாம். ஒற்றுமையைக் காட்டியபின் வேற்றுமையையும் காட்டுவதே நேர்மையான கற்பித்தல்.

புதுமைக்கு மரபில் இடமில்லை என்பாரும் உளர். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் இறுதி எட்டும் வனப்பு எனப்படும். அவ்வெட்டனுள் 'தொன்மை' ஒன்று; 'விருந்து' மற்றொன்று. தொன்மை பழமை பற்றியது. விருந்து புதிதாக யாக்கப்படுவது. வாயிலில் வந்து நிற்கும் புதியவரைக் குறிக்கும் சொல்லையே புதிய செய்யுளுக்கும் பெயராக இட்டிருக்கிறார்கள். புதியதை ஐயத்தோடு நோக்காமல், உள்ளே அழைத்து அமர்த்தும் மனம் அப்பெயரில் தெரிகிறது. மரபுக்கவிஞரும் புதுக்கவிஞரும் ஒருங்கிருக்கும் அவையில் நினைக்கத்தக்க சொல் அது.

ஆசிரியர் செய்யவேண்டியவை அரியன அல்ல. பெயரைப் பிரித்துப் பொருள் காட்டுதல், எடுத்துக்காட்டை முன்வைத்துப் பெயரைப் பின்வைத்தல், நெருங்கிய சொற்களை அருகருகே நிறுத்தி வேறுபடுத்தல் ஆகிய மூன்றும் போதும். கவிஞர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் ஊர்ப் பள்ளி வகுப்பறைக்குள் சென்று, ஒரு வெண்பாவையோ ஒரு புதுக்கவிதையையோ மாணவர் கண்முன்னே உருவாக்கிக் காட்டலாம். தளை தட்டுவதும், தட்டிய தளையைச் சரிசெய்வதும், சொல்லை மாற்றிப் பார்ப்பதும் நேரில் கண்ட பிள்ளைக்குத் தளை என்பது வினாத்தாளில் வரும் சொல்லாக மட்டும் இராது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டம் அப்பணியை மேற்கொள்ளுமாயின், அடுத்த பத்தாண்டில் இவ்வவைக்கு வரும் இளங்கவிஞர் தொகை பெருகும்.

வாழ்க தமிழ்! வளர்க வட்டம்!